படியும் போலியும்

பழைய போர்த் துப்பாக்கிகளின் நகல்கள் எங்கே செய்யப்படுகின்றன என்ற கேள்வியில் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன அக்கறை என்று நண்பர்கள் வியக்கக்கூடும். சுவடிப் பதிப்பைப் பாடமாக நடத்துகிறவனுக்கு மூலம், படி, போலி ஆகிய மூன்றும் அன்றாடம் புழங்கும் சொற்கள். அவை இரும்பிலும் மரத்திலும் என்ன பொருள் தருகின்றன என்று தேடப் போய், எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் சென்று சேர்ந்தேன்.

அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனர், அந்நாட்டு உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்றை மக்கள் சீருடை அணிந்து நிகழ்த்திக் காட்டுவதைப் பார்க்கச் சென்றிருந்தார். அங்கே ஒருவர் தோளில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். அது 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு. 1857இல் எந்தத் துப்பாக்கித் தோட்டாவின் கொழுப்பு சிப்பாய்களைக் கொதிக்கச் செய்ததோ, அதே துப்பாக்கி. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக மட்டும் அறிந்திருந்த பொருளை முழு உருவில் கண்டபோது மனம் சற்று அதிர்ந்தது. குழலின் மீது பொறித்திருந்த நாட்டின் பெயரோ இங்கிலாந்து அன்று, இத்தாலி.

வட இத்தாலியில் பிரேஷா மாவட்டத்தில், மெல்லா ஆற்றின் கரையில் கார்டோனே என்ற சிற்றூர் இருக்கிறது. மலையில் இரும்பு, காட்டில் விறகு, ஆற்றில் விசை; இம்மூன்றும் அப்பள்ளத்தாக்கைப் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் கொல்லர்களின் நிலமாக்கியிருக்கின்றன. 1526இல் வெனிஸ் படைக்கலக் கொட்டிலுக்கு 185 குழல்கள் விற்றதற்கான பெரெட்டா குடும்பத்தின் ஆவணம் இன்றும் உள்ளது. 1950களின் இறுதியில் வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வணிகர் இங்கு வந்து, 1851ஆம் ஆண்டு மாதிரிக் கோல்ட் கைத்துப்பாக்கிக்கு நகல் செய்யச் சொன்னார். உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் தொடங்கவிருந்த காலம் அது. 1957இல் தோன்றிய பெடர்சோலியும் 1959இல் தோன்றிய உபெர்ட்டியும் அந்தத் தேவையில் வளர்ந்தன. செர்ஜியோ லியோனே படங்களின் நாயகர்கள் ஏந்தியவற்றிலும் இப்பள்ளத்தாக்கின் நகல்கள் உண்டு. என்ஃபீல்டு நகரின் அரசு ஆலை 1988இல் மூடப்பட்டுவிட்டது. என்ஃபீல்டு துப்பாக்கி கார்டோனேயில் தொடர்கிறது. ஒவ்வொரு குழலும் அவ்வூர்ச் சோதனைச் சாலையில் வெடித்துப் பார்க்கப்பட்டு, முத்திரையும் ஆண்டுக் குறியும் பெற்றே வெளியேறுகிறது. தான் யாரால், எங்கே, எப்போது செய்யப்பட்டேன் என்பதை அது மறைப்பதில்லை.

ஜார் கால ருஷ்யப் படைக்கு இலட்சக்கணக்கில் சென்ற 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர் இன்று கொச்சியில் செய்யப்படுகிறது. கேரளத்துக் கொச்சி என்று எண்ணிவிட வேண்டாம். ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கொச்சி. வின்செஸ்டரின் பெயரை நெடுங்காலம் தாங்கிய நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடப்பட்டது.

பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் இடையிலுள்ள தர்ரா ஆதம் கேலின் கதை வேறு. அவ்வட்டாரக் கொல்லர்கள் ஆங்கிலேயத் துப்பாக்கிகளை முத்திரை உட்பட நகல் செய்தார்கள். விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே, அவர் மறைந்த 1901க்குப் பிந்தைய ஆண்டைப் பொறித்தவையும் அவற்றில் உண்டு. படி, தான் படி என்பதை ஒப்புக்கொள்கிறது. போலி ஒப்புக்கொள்வதில்லை; ஆண்டுக் கணக்கில் அகப்பட்டுக்கொள்கிறது. போலி ஏடுகளை இனம் காண்பதற்கும் இதுவே வழி.

என்னை மிகவும் தொந்தரவு செய்தது இந்தியப் பகுதிதான். பிரவுன் பெஸ் என்ற மஸ்கெட்டின் ஒரு வடிவத்துக்கு 'இந்தியா மாதிரி' என்றே பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காக வடிவமைத்துக்கொண்டது அது. நம்மை வென்ற கருவி. இன்று வட அமெரிக்க ஆர்வலர்கள் குறைந்த விலைக்கு வாங்கும் பிரவுன் பெஸ் நகல்களில் பல இந்தியப் பட்டறைகளில் உருவாகின்றன. கிண்ணியில் பற்றும் தீ குழலுக்குள் செல்வதற்கான சிறு துளையை இடாமலே கப்பலேற்றுகிறார்கள். துளை இல்லாதவரை அது சுடும் கருவியாகாது. அந்தத் துளையை அக்கரையில் இட்டுக்கொள்கிறார்கள். கார்டோனே நகலில் செய்தவரின் பெயர் இருக்கிறது. இந்திய நகலில் பெரும்பாலும் விற்பவரின் பெயரே முன்னால் நிற்கிறது.

ஆங்கிலேய அரசே ஒரு போலி செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்று வந்தது. பார்வைக்கு அதே என்ஃபீல்டு. ஆனால் குறி தவறாமைக்குக் காரணமான உட்புறச் சுழல்வரிகளை அகற்றி, குழலை வழுவழுப்பாக்கியிருந்தார்கள். நம்பிக்கையின்மையை இவ்வளவு துல்லியமாக இரும்பில் கடைந்து வைத்த ஆவணம் வேறொன்றை நான் அறியேன்.

முதனூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் நூல்களை வகுக்கிறது. வழிநூல் அங்கே இழிவானதன்று. முன்னோர் முடிபை ஏற்று, தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்வது அது. கார்டோனேயின் என்ஃபீல்டை அவ்வகையில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஏடு எழுதி முடித்தவர்களில் சிலர் கடைசி ஓலையில் தம் பெயரையும் நாளையும் குறித்துச் சென்றதால்தான் அவர்களை இன்று அறிகிறோம். பிரவுன் பெஸ்ஸுக்கு மரம் இழைக்கும் அந்த இந்தியத் தச்சருக்கு அப்படியொரு கடைசி ஓலை எங்கே இருக்கிறது?