முதுகும் மூடையும்

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலே நடந்து பழகியவர்களுக்கு நாட்டாமைமாரை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. மூடையுடன் விரைந்து வரும் அவர்களுக்கு நாமெல்லோரும் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறோம். அம்மூடை அவர்தம் முதுகெலும்பை என்ன செய்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்க அனுமதிக்கப்படும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படுமாயின், அதனை விரைந்து அவ்வளவுக்குக் குறைத்தல் வேண்டுமெனச் சர்வதேச தொழில் தாபனம் 1967 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. நமது சீமெந்துப் பை 50 கிலோ!

அண்மையில் நகருக்கு வெளியேயுள்ள பண்டகசாலையொன்றைப் பார்வையிட்டோம். அங்கே சுமப்பாரில்லை. பண்டங்கள் யாவும் ‘பலட்’ எனப்படும் மரத்தட்டுகளின்மேல் அடுக்கப்பட்டிருந்தன. உயர்ந்த இரும்புத் தட்டுகளுக்கு அவற்றை ஏற்றியிறக்குவது ‘போர்க்லிப்ட்’ வண்டி. எமது மனத்தைக் கவர்ந்ததோ எஞ்சினற்ற கைப் பலட் வண்டியே. இரு இரும்புக் கவைகள், சிறு சில்லுகள், ஒரு நீண்ட கைப்பிடி, வேறொன்றுமில்லை. கைப்பிடியை ஆட்டுந்தோறும் சிறிய முசலமொன்று எண்ணெயை அழுத்த, பெரிய முசலம் மேலெழுகிறது. பதினேழாம் நூற்றாண்டிலே பஸ்கால் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி இது. பெரியதன் பரப்புப் பத்து மடங்காயின் விசையும் பத்து மடங்கு. எழும் உயரமோ பத்திலொன்று. ஆதலினாலேயே பலமுறை ஆட்டவேண்டியிருக்கிறது. இவ்வண்டிகளிற் பல 2,000 கிலோவைத் தாங்கும். அஃதாவது நாற்பது சீமெந்துப் பைகள்.

போர்க்லிப்ட் வண்டியை அவ்வளவு இலேசாக எண்ணலாகாது. அதன் பின்புறத்துப் பாரமே முன்னே தூக்கிய பாரத்தைச் சமன் செய்கிறது. பாரத்தை உயர்த்தியவாறே வேகமாகத் திரும்பினால் வண்டி பக்கவாட்டிற் சரியும். சரியும்போது வெளியே குதிப்பவரை வண்டியே நசுக்கிவிடுதல் கூடும். ஆசனப் பட்டியுடன் உள்ளேயே பற்றிக்கொண்டிருப்பதுதான் முறை. பரீட்சை முடிந்து பண்டகசாலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதனை மனத்திருத்துவார்களாக. பயிற்சி பெறாமல் அவ்வாசனத்தில் ஏறவே கூடாது.

இத்தனை எளிய கைவண்டி புறக்கோட்டையின் பழைய கிட்டங்கிகளுக்குள் ஏன் நுழைவதில்லை? நாம் கண்ட தடை வாசற்படிதான். அச்சிறு சில்லுகளுக்குச் சமதளம் வேண்டும். ஒரு கூழாங்கல்லே அவற்றை நிறுத்திவிடும். உயர்ந்த வாசற்படியும் ஒடுங்கிய நடையுமுள்ள கடையிலே முதுகுக்கே வேலை.

முதிய நாட்டாமை ஒருவரிடம் இதனைச் சொன்னோம். மூடைக்கு இவ்வளவென்று கூலி பெறுபவர் அவர். “வண்டி வரட்டுங்க ஐயா. தள்ளுற வேலைய மட்டும் எங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க” என்றார். அவருடைய முதலாளியிடம், படியை இடித்துச் சாய்தளம் அமைத்தாலென்ன என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டலானார்.