கையடக்க நிலவறையும் எங்கள் ஆயாவும்

அக்காவும் தங்கையுமாகிய நாங்கள், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கைக்கு வந்த ஒரு விளையாட்டின் நிறை குறைகளை இங்கே எழுதுகிறோம். எங்கள் குறை ஒன்றும் இதில் வரும். அதையும் மறைக்கவில்லை.

சிதம்பரத்திலுள்ள எங்கள் மாமா, தாம் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ‘கேம் பாய் அட்வான்ஸ்’ என்ற சிறு கருவியை எங்களுக்குக் கொடுத்தார். 2001இல் வெளிவந்த கருவி அது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் போதும். அதற்குள் இருந்த விளையாட்டின் பெயர் ‘போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்: ரெட் ரெஸ்க்யூ டீம்’. ஜப்பானில் 2005இலும், ஆங்கிலத்தில் 2006இலும் வந்தது.

ஆடுபவர் முதலில் சில கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அந்த விடைகளைக் கொண்டு அவருடைய குணத்துக்கேற்ற ஒரு சிறு பிராணியாக அவர் மாறிவிடுவார். பிறகு ஒரு தோழனுடன் நிலவறைக்குள் இறங்கி, அங்கே சிக்கியவர்களை மீட்டு வர வேண்டும். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனவர்களுக்கு அந்த நிலவறை எப்படி இருக்கும் என்று புரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி கால்வாய்! ஆனால் அங்கே படகோட்டிக்கு வழி தெரியும். இங்கே படகோட்டி இல்லை. நேற்று இருந்த வழி இன்று இருக்காது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அறைகளும் பாதைகளும் புதிதாக அமைகின்றன. இந்த முறைக்கு வழிகாட்டி, 1980இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாணவர்கள் உருவாக்கிய ‘ரோக்’ என்னும் கணினி விளையாட்டு. ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் 1993இல் அம்முறையில் ஒரு விளையாட்டைச் செய்தது. எங்களுடையதும் அந்நிறுவனம் செய்ததே.

முதலில் நிறைகளைச் சொல்கிறோம். இதில் விரல் வேகம் வேண்டியதில்லை. நாம் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். நாம் நின்று யோசித்தால் அவனும் நிற்பான். ஆகையால் பதறாமல் சிந்திக்கும் பழக்கம் வருகிறது. மனப்பாடம் இங்கே உதவாது, புரிந்துகொண்டால்தான் தேறலாம். மேலும், ஆடும் பிராணிக்குப் பசி உண்டு. நூறில் தொடங்கும் வயிற்றின் அளவு நடக்க நடக்கக் குறையும். பூஜ்யமானால் அடிக்கு அடி உயிர் குறையும். எனவே பையில் ஆப்பிள் இல்லாமல் இறங்கக் கூடாது. எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது, தோற்றுக் கிடக்கும் ஒருவரை வேறோர் ஊரிலிருக்கும் தோழி சங்கேத எழுத்துகளின் உதவியால் மீட்கலாம் என்பதே.

குறைகளும் உண்டு. பல தளங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் சலிப்புத் தட்டும். உடன் வரும் தோழன் சில சமயம் சொல் பேச்சுக் கேளாமல் எதிரியிடம் போய் மாட்டிக்கொள்வான். தோற்றால் கையிலுள்ள பணம் முழுவதும் போகும், பொருள்களிலும் பல போகும். திரையில் விளக்கு இல்லாததால் வெளிச்சத்தில்தான் ஆட முடியும். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறியதும் நாங்கள் ஜன்னலோரம் பிடித்தது வேடிக்கை பார்க்க அல்ல, திரையைப் பார்க்க! பரங்கிப்பேட்டையைத் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் எங்களுக்குத் தெரியவில்லை. படிக்கட்டைக் கண்டால் ‘இன்னும் ஒரு தளம்’ என்ற ஆசை வரும். இதுதான் பெரிய குறை.

சிதம்பரத்தில் ஒரு நாள் காலை. ஆயாவுக்கு நீரிழிவு. எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். முழங்கால் வலியால் எழுந்து நடப்பது சிரமம். மாமாவும் அத்தையும் வேலைக்குப் போய்விட்டார்கள். "அரை மணிக்குள் ஆயாவுக்கு இட்லி எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மா மேல வீதிக்குக் கடைக்குப் போனார். நாங்கள் எட்டாவது தளத்தில் இருந்தோம். ஒருத்தி ஆட, மற்றொருத்தி வழி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயா ஒரு முறை கூப்பிட்டார். "இதோ வர்றோம் ஆயா" என்றோம். மீண்டும் கூப்பிட்டார். "பாதியிலே நிறுத்தினா எல்லாம் போயிடும் ஆயா, அஞ்சே நிமிஷம்" என்றோம். மூன்றாவது முறை ஆயா கூப்பிடவில்லை.

நேரம் ஆனதை உணர்ந்து ஓடிப் பார்த்தபோது, ஆயா பாயில் சாய்ந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. எங்கள் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார். அழுதுகொண்டே அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். அவர் ஆயாவை நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். ஊசி போட்டபின் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், இன்னும் தாமதித்திருந்தால் நினைவே போயிருக்கும் என்று சொன்னார். கால் மணி நேரத்தில் ஆயா தெளிந்தார். பிறகு இட்லி சாப்பிட்டார்.

அம்மா வந்தபோது ஆயா எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாங்களே சொன்னோம். அன்று மாலை ஆயா, "என்ன கண்ணு, ஆட்டத்திலே ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. "நாங்க சின்னதிலே தாயம் ஆடுவோம். அடுப்பிலே பால் பொங்கினா எழுந்து போவோம். திரும்பி வந்தா காய் வெச்ச இடத்திலேயே இருக்கும்" என்றார்.

தோழியரே, உண்மை என்னவென்றால் எங்கள் ஆட்டத்திலும் காய் அங்கேயே இருந்திருக்கும்! நிலவறையின் நடுவிலும் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு வெளியேற அதில் வசதி இருக்கிறது. ரயிலில் வரும்போதே அதை இரண்டு முறை பயன்படுத்தியிருந்தோம். சும்மா அணைத்தால்தான் தோற்றதாகக் கணக்கு. ஆகவே, ‘நிறுத்தினால் போய்விடும்’ என்று நாங்கள் ஆயாவிடம் சொன்னது பொய். பழியை விளையாட்டின் மேல் போட்டோம். திரையில் ஒரு பிராணியின் பசியை எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, அடுத்த அறையில் ஆயாவின் பசி தெரியவில்லை. மீட்புக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடியவர்கள் நாங்கள்!

இந்த விளையாட்டை ஆடலாமா என்று நீங்கள் கேட்டால், ஆடலாம் என்றே சொல்வோம். அறிவுக்கு வேலை தரும் நல்ல விளையாட்டு அது. ஆனால் யாராவது கூப்பிட்டால் முதல் குரலிலேயே சேமித்துவிட்டு எழுந்திருங்கள். இப்போது சிதம்பரம் போனால் ஆயாவுக்கு உணவு கொடுத்துவிட்டு, அவர் அருகிலேயே உட்கார்ந்து ஆடுகிறோம். ஆயாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பையிலே பழம் இருக்கா, பார்த்துக்கோ" என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்.