சாம்புவன் கெடந்த எடம்

எங்கப்பாரு வாளுக்கு உறை தைத்தவர். வாளைத் தொட்டவர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இப்போதிருக்கிற பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. "தொடாம எப்படி பெரியப்பா அளவெடுத்தாங்க?" என்று தம்பி மகன் கேட்டான். கோயமுத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறவன். அளவு என்றால் அவனுக்கு ஸ்கேலும் வெர்னியரும்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். பேர் வேண்டாம், இன்னமும் சொந்தக்காரர்கள் அங்கே பிழைக்கிறார்கள். அண்ணன்மார் கோயில் வாளின் உறையை மூணு நாலு வருசத்துக்கு ஒருதரம் எலி கடித்துவிடும். நோம்பிக்கு ஒரு மாசம் இருக்கையில் பூசாரி வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு வளவுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வருவார். மண்ணில் வைத்து, சுற்றிலும் சாம்பலால் கோடு போடுவார். வாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாள் கிடந்த இடம் மட்டும் எங்களுக்கு.

அப்பாரு பூவரசங்கட்டையைச் செதுக்கிச் செதுக்கி அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பார்ப்பார். கோட்டை மிதித்துவிடாமல் நாங்கள் காவல் இருப்போம். கட்டை சரியாக அடங்கியதும், ஆவாரம்பட்டையில் பதம் பண்ணிய தோலை நனைத்து, ஈரத்தோடு கட்டையின் மேல் இழுத்து வாரால் தைப்பார். நிழலில் காயக் காயத் தோல் சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். பிறகு கட்டையை உருவினால் உறை. பண்ணாடி வீட்டு ஆள் வந்து அதன்மேல் தண்ணி தெளித்து எடுத்துப்போவான். தெளித்தால் தீட்டு போச்சு. உருவிய மரவாள் எங்களுக்கு. வளவுப் பிள்ளைகள் எல்லாரும் அதை வைத்துத்தான் சங்கர், தலையூர்க்காளி என்று சண்டை போட்டோம்.

இந்தப் பேச்சு வரக் காரணம் தம்பி மகன் செல்போனில் காட்டிய ஒரு படம். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் இரும்புத் தொப்பியும் தோல் கவசமும் மாட்டிக்கொண்டு அந்தக் காலத்துப் போர்வீரர்கள் மாதிரி அடித்துக்கொள்கிறார்கள். 1966இல் பெர்க்லியில் தொடங்கியதாம். வாள் பிரம்பில் செய்தது. அடி பட்டவன் தானாகவே செத்ததாக ஒப்புக்கொண்டு விழ வேண்டும், அதுதான் மரியாதை. சனி ஞாயிறில் ராசா வேசம், திங்கள்கிழமை ஆபீஸ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விழுவதற்கு அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லையே என்றுதான் நினைத்தேன். தோலைச் சூடு தண்ணியில் இறுக்கிக் கவசம் செய்வதை அவர்கள் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்களாம். எங்கப்பாரு இருந்திருந்தால் ஒரு நாளில் சொல்லிக் கொடுத்திருப்பார். கூலிதான் கேட்டிருப்பார்.

நம்ம பக்கமும் இது உண்டு. படுகளம் என்று பேர். பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பல ராத்திரி பாடுவார்கள். 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற அம்மா இந்தக் கதையை நாடாவில் பதிந்து, பிறகு புத்தகமாகவும் கொண்டுவந்தார். வீரப்பூரில் மாசி மாசம் பெரிய நோம்பியே நடக்கிறது. கதையின் முடிவில் அண்ணன்மார் தங்கள் வாளிலேயே விழுந்து சாகிறார்கள். அந்த இடத்தைப் பாடும்போது கூட்டத்தில் அருள் வந்தவர்கள் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத்துணி போர்த்துவார்கள். விழுந்தவன் செத்தவன். தங்கை அருக்காணித் தங்காளாக வருகிற அம்மா தீர்த்தம் தெளித்து ஒவ்வொருத்தராக எழுப்பினால்தான் உயிர்.

சாம்புவனும் சாகிறான். அண்ணன்மார் கூடவே இருந்தவன். போரிலே நின்றவன். பாட்டு அவனைப் பறையர் என்கிறது. நாங்கள் மாதாரி. எங்கள் ஊரில் பறையர் வீடு கிடையாது, அதனால் தப்பும் எங்கள் கையில், சாம்புவனும் எங்கள் ஆள் என்றே வளர்ந்தோம். (இதற்காக என்னோடு சண்டைக்கு வந்த பறையர் நண்பர் உண்டு. அந்தச் சண்டை வேறு, அதைத் தனியாக எழுத வேண்டும்.) ஆனால் களத்தில் சாம்புவனுக்கு என்று யாரும் விழமாட்டார்கள். சங்கர் பக்கத்தில் ஒரு ஆள் கிடக்கிற அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். சும்மா கிடக்கும். கதை கேட்கிறபோது எனக்குக் கண் அந்த இடத்திலேயே இருக்கும்.

1984. பத்தாவது எழுதிவிட்டு இருந்தேன். அய்யன் தப்பு அடிக்கிறார், அவர் பின்னால் நான் தப்புக்கு அனல் காட்டிக்கொண்டிருக்கிறேன். விடியக் கருக்கல். உடுக்கையும் தப்பும் ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் காது அடைத்தது. அப்புறம் மண் வாசனை. கண் திறக்கையில் முகம் மண்ணில் இருந்தது. சங்கர் பக்கத்து இடம்.

அருள் வந்ததா, நானாக விழுந்தேனா? பலபேர் கேட்டுவிட்டார்கள். தோழர்கள் "எதிர்ப்பு" என்று எழுதச் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. விழுந்த பிறகு எழுந்து ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அது மட்டும் நானாகச் செய்தது.

யாரும் போர்த்தவில்லை. "எந்திரிடா" என்றார்கள். தொட்டுத் தூக்கவும் முடியாது, தொட்டால் தீட்டு, அதுவும் நோம்பியில். ஒருத்தன் கொம்பால் விலாவில் குத்தினான். அசையவில்லை. பாட்டு நிற்கக் கூடாது. அய்யன் தப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அத்தனை பேரும் செத்தபடியே கிடக்க வேண்டும். மகன் மண்ணில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

தங்காள் வந்தாள். செம்பில் தண்ணி. ஒவ்வொருத்தர் மேலாகத் தெளித்துக்கொண்டு வருகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. பக்கத்தில் கிடந்த பண்ணாடி மகன் மேல் விழுந்த தண்ணியில் ரெண்டு சொட்டு என் கையில் பட்டது. அடுத்து நான். கால் கொலுசு ஒரு நொடி நின்றது. பிறகு என்னைத் தாண்டிப் போய்விட்டது.

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் கிடந்தேன். உடம்பு நடுங்கியது. எழுப்பாதவன் எழுந்தால் அந்த வருசத்துக்குள் சாவான் என்று சின்ன வயசிலிருந்து கேட்ட பேச்சு. எலி கடிக்கிற தோலுக்குக்கூடத் தண்ணி தெளிக்கிறார்களே என்று அப்போது நினைத்தேன். அதற்குள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அப்பத்தாவின் குரல்.

"ஏனுங் சாமி, செத்த பையனெ நாங்களே எடுத்துக்கறமுங்க."

வழிவிட்டார்கள். பிணம் எடுக்கிறது எங்கள் வேலைதானே. அப்பத்தா கஞ்சிக் கலயத்தை எடுத்து வந்து, மிச்சமிருந்த நீத்தண்ணியை என் தலையோடு ஊற்றினாள். முகத்தில் ரெண்டு பருக்கை ஒட்டிக்கொண்டது. "எந்திரி கண்ணு, தங்காளாவது கிங்காளாவது" என்று காதோடு சொன்னாள். எழுந்தேன். அந்த வருசம் சாகவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அய்யன் விழுந்து கும்பிட்டார். ஐநூறு ரூபாய் குத்தம், அந்தக் காலத்தில் அது எங்களுக்கு எத்தனையோ மாசக் கூலி. அப்பாருக்கு உறை வேலை போனது. தொழில் அதற்கு முன்பே போய்விட்டது என்பதும் உண்மை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து தோட்டக் கிணறுகளில் கவலை ஒவ்வொன்றாக நின்று மோட்டார் ஓட ஆரம்பித்தது. தோல் பறி தைக்கிறவனுக்கு என்ன வேலை? 1985இல் நாங்கள் கோயமுத்தூர் வந்துவிட்டோம். நான் ஒரு பவுண்டரியில் சேர்ந்தேன். அப்பாருடைய பறியைத் தின்ற பம்புக்குக் கூடு வார்க்கிற வேலை. உருக்கிய இரும்பு தெறிக்கும். காலில் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வோம். கவசம் என்று நான் மாட்டியது அது ஒன்றுதான். இடது காலில் நாலு தழும்பு இருக்கிறது.

பொன்னர் சங்கரைக் கலைஞர் நாவலாக எழுதினார், 2011இல் சினிமாவாகவும் வந்தது. தியேட்டரில் போய்ப் பார்த்தேன். பளபளவென்று வாள். சாம்புவன் கிடந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் பாதிப் படம் எனக்கு மனசில் நிற்கவில்லை. தீரன் சின்னமலையோடு நின்ற பொல்லானுக்கு இப்போது ஈரோடு மாவட்டம் ஜெயராமபுரத்தில் சிலை இருக்கிறது. சும்மா கிடைத்ததல்ல, அருந்ததியர் இயக்கங்கள் வருசக்கணக்காகக் கேட்டு வாங்கியது. ஒரு நாள் குடும்பத்தோடு போய் அவர் கையில் இருக்கிற ஆயுதத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அப்பாருடைய மரவாள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. தம்பி மகன் தூசி தட்டி எடுத்தான். பிரம்பு வாளை விட இது கனம் என்றான். ரெண்டு வீச்சு வீசிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, நீங்க விழுங்க" என்றான். முட்டிவலி, முடியாது என்றேன். அவனே விழுந்தான், டைல்ஸ் தரையில் மல்லாக்க. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். நான் சமையற்கட்டுக்குப் போய்ச் செம்பில் தண்ணி மொண்டேன்.