ஸ்டர்பிரிட்ஜிலிருந்து கடல்முனை வரை

ஆகஸ்டு மாதத்து முதல் சனிக்கிழமையன்று, கிழக்கு வெளுத்தும் வெளுக்காததுமான வேளையில், மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டர்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், பெருங்கூட்டமாய் நின்ற சைக்கிள்களின் நடுவே என் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் எங்கள் வழி, இரண்டு நாட்களில் ஏறத்தாழ 190 மைல் சென்று, மடித்த கையைப்போல் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் காட் நிலமுனையின் நுனியில், பிராவின்ஸ்டவுன் என்னும் ஊரில் முடிவடைகிறது.

இந்த யாத்திரையைத் தொடங்கி வைத்தவர் பில்லி ஸ்டார். 1974-இல் தம் தாயாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1980-இல் 36 பேராகத் திரண்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பிராவின்ஸ்டவுன் வரை சைக்கிள் மிதித்தபோது சேர்ந்த தொகை 10,200 டாலர். இன்று ஆண்டுதோறும் ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் கலந்துகொள்ளும் இந்தப் பான்-மாஸ் சேலஞ்ச், அன்றுமுதல் திரட்டிய மொத்தமோ நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 2007 முதல், சைக்கிள் ஓட்டுவோர் திரட்டும் பணம் ஒரு காசும் குறையாமல் பாஸ்டனிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது.

ஒவ்வொருவரும் சில ஆயிரம் டாலர் திரட்டித் தருவதாக முன்கூட்டியே வாக்களிக்க வேண்டும். மிதிப்பதற்குக் கால்களைப் பழக்கிவிடலாம். பிறரிடம் கேட்பதற்கு நாவைப் பழக்குவதுதான் எனக்கு மாதக்கணக்கில் கைகூடவில்லை. மகள் வீட்டுக்கு வந்திருந்த அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவர், விஷயத்தைக் கேள்விப்பட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எட்டாக மடித்த இருபது டாலர் நோட்டு ஒன்றை எடுத்து, "உங்கம்மாவுக்காகத்தானே தம்பி போறே? இதையும் அதிலே சேர்த்துக்கோப்பா, எம் பேரெல்லாம் எழுத வேண்டாம்" என்று என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அதற்குப் பிறகு கேட்பதற்கு நான் கூசவில்லை.

முதல் முப்பது நாற்பது மைல் ஏற்றமும் இறக்கமுமான பிரதேசம். காட்டோரத்தில் பழைய கல்வேலிகள் தொடர்ந்து வருகின்றன. பிளாக்ஸ்டோன் பள்ளத்தாக்கில், ஒரு காலத்தில் ஆற்று நீரின் வேகத்தால் ஓடிய பஞ்சாலைகளின் செங்கற் கட்டிடங்கள் இன்னும் நிற்கின்றன. வீட்டு வாசல்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணியடித்தும் கைதட்டியும் ஊக்குவிக்கும் ஜனங்களைக் கண்டபோது, பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியெல்லாம் நீர்மோர் வைத்துக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்களின் முகங்களே என் நினைவுக்கு வந்தன.

டைட்டனில் உணவருந்தி, டாண்டன் ஆற்றைக் கடந்தபின், சாலையோரத்தில் நட்டிருந்த குழந்தைகளின் புகைப்படங்களைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். எல்லோரும் டேனா-ஃபார்பர் நிலையத்தில் சிகிச்சை பெறுபவர்கள். தலைமுடி முழுவதும் உதிர்ந்து, முன்பல் ஒன்றும் விழுந்திருந்த ஒரு சிறுமி, காகிதக் கிரீடம் சூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் குழந்தைகளின் உயிரோடு நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு சம்பந்தமுண்டு. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கதராடை உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் பெறாமலே வெளியேறி, பின்னர் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் தலைமையில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தார் ஃபோலிக் அமிலத்தையும், உருவத்தில் அதையே ஒத்துச் செயலில் அதற்கு விரோதமான பொருள்களையும் ஆக்கிக் கொண்டிருந்த காலத்தில், பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் இரத்தப் புற்றுநோயைத் தணிப்பதற்குப் பதிலாகத் தூண்டிவிடுவதைக் கண்டு, அப்படியானால் அதன் விரோதியைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று எண்ணினார். கள்ளச்சாவி நுழைந்த பூட்டைப் போல, அமினோப்டெரின் என்னும் அந்த ஔஷதம் புகுந்த உயிரணு மேற்கொண்டு பெருக முடியாமல் நின்றுவிடுகிறது. 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்துண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐம்பத்துமூன்றாம் வயதில், சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் சகோதரமான மெதோடிரெக்ஸேட் இன்றும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

வேர்ஹாமை நெருங்கும்போது நிலம் சமதளமாகி, கிரான்பெரிப் பழம் பயிராகும் சதுப்பு வயல்கள் வருகின்றன. அன்றிரவு போர்னில், கேப் காட் கால்வாய்க் கரையிலுள்ள கப்பற் பயிற்சிக் கழகத்தில் தங்கினோம். நோயிலிருந்து மீண்டு, தாமே சைக்கிள் ஓட்டி வந்தவர்கள் அங்கே ஒன்றுகூடினார்கள். ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டு அவர்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளியே நின்றேன்.

மறுநாள், இருள் பிரியும் வேளையில், 1935-இல் திறக்கப்பட்ட போர்ன் பாலத்தின்மேல் வரிசையாக ஏறினோம். நூறடிக்கும் கீழே கால்வாய் நீர் ஈயத்தகடுபோல் கிடந்தது. அதன்பின் பைன் மரங்களும் மணலும் உப்புக்காற்றுமே வழித்துணை.

டுரூரோவின் மேடுகளில் எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. என் சட்டை முதுகில் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தேன். இரண்டு நாள் வியர்வையில் மை ஊறிப் பரவியிருந்தது. பின்னால் வந்த நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் பக்கத்தில் வந்து, அது என்ன எழுத்து, யாருடைய பெயர் என்று கேட்டார். சொன்னேன். தமக்கும் புற்றுநோய் வந்து போய்ப் பதினோராண்டு ஆயிற்று என்றவர், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, மூச்சு வாங்கியபடி அவரும் சொல்லி வந்தார். மேட்டின் உச்சியில், பிராவின்ஸ்டவுனின் 252 அடிக் கருங்கற் கோபுரம் தொலைவில் தெரிந்தபோது, அவர் அதைப் பிழையில்லாமல் சொன்னார்.