றபான் வந்த பாதை

மடவளைக்கு நான் போனது நோன்பு மாதத்தில். கண்டியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் மலையூர். மதீனா தேசிய பாடசாலையால் பெயர் பெற்றது.

ஸஹர் உணவுக்கு ஊரை எழுப்ப, பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடியபடி தெருத்தெருவாக வருவது பழைய வழக்கம். அவர்களில் பலர் 12ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த அஹ்மத் கபீர் ரிபாயியின் வழியினர். நபிமார் கதைகளைத் தமிழிலும் பாடுவார்கள். ஊர் ஊராகச் செல்ல ஒரு றபானும் ஒரு துணிப்பையும் போதும்.

தன் சின்ன வயதில் கிழக்கிலிருந்து ஒரு பாவா வருவாரென்று நான் தங்கிய வீட்டு உம்மா சொன்னார். மகியங்கனை, 18 வளைவு, தெல்தெனிய, திகன என்று நீளும் மலைப்பாதை அது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏற வேண்டியிருந்தது. போர் முடிந்தும், 2018 மார்ச்சில் திகனப் பகுதியில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

சகோதரிகளே, இடம்பெயர்ந்து அலைந்த எங்களுக்குப் பாதையின் பெறுமதி தெரியும். வெறுங்கையோடு ஒரு பாட்டுக்காரர் இருட்டில் பயமின்றி நடக்கும் தெருவில்தான் எங்கள் பிள்ளைகளும் பயமின்றிப் பள்ளிக்கூடம் போகலாம்.