குரலில் இல்லாத குறை

எம் தந்தையார் 1986ஆம் ஆண்டு ரபீயுல் அவ்வல் மாத இரவொன்றில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இசையோடு ஓதினார்கள். அவ்வோசை ஓர் ஒலிநாடாவில் எஞ்சியிருந்தது. அவர்கள் ஓதிய பாடத்தைப் பிழையின்றி எழுதிக்கொள்ள விழைந்து அதனைக் கணினியில் ஏற்றினோம். சொற்கள் தெளிவாகக் கேட்கும் பொருட்டு 300 ஓம் மின்னெதிர்ப்புடைய ஹெட்போன் ஒன்றையும், விலை குறைந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் வாங்கினோம். அதற்குக் கைப்பேசியின் 5 வோல்ட் சார்ஜரே போதும் என எண்ணினோம்.

தாழ்ந்த குரலில் ஓதிய அடிகள் கேட்டன. குரல் உயரும் இடங்களிலோ ஓசை நொறுங்கியது. இரைச்சலும் இடையே புகுந்தது. நாடா பழுதுற்றது, தந்தையாரின் குரலை இழந்தோம் என்றே கலங்கினோம்.

இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டு, "ஐயா, நாடா நன்றாகத்தான் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயருக்குத்தான் தீனி போதவில்லை" என்றார்.

அவர் விளக்கியது இது: மின்னழுத்தத்தின் இருபடியை மின்னெதிர்ப்பால் வகுத்தால் கிடைப்பதே திறன். ஒரே மின்னழுத்தத்தில், 32 ஓம் ஹெட்போன் பெறும் திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே 300 ஓம் ஹெட்போன் பெறும். அதற்கு வேண்டுவது மிகுந்த மின்னோட்டமன்று; உயர்ந்த மின்னழுத்தமே. எம்முடையது போன்ற எளிய சுற்றுக்கு 5 வோல்ட் ஊட்டினால், ஒலியலை நடுநிலையினின்று மேலும் கீழும் 2.5 வோல்ட்டைக்கூட எட்டாது. எல்லையில் முட்டிய அலையின் முகடு வெட்டுண்டு போகும். நாம் கேட்ட நொறுங்கல் அதுவே. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். இருபுறமும் ஏறத்தாழ 9 வோல்ட் இடமுண்டு. அப்போதும் 300 ஓமில் ஓடும் உச்ச மின்னோட்டம் 30 மில்லிஆம்பியரைத் தாண்டாது. சுற்று ஏற்கும் வரம்பை மீறலாகாது, நேர்முனையும் எதிர்முனையும் மாறலாகாது என்றும் எச்சரித்தார்.

வரம்பைச் சரிபார்த்துப் பேட்டரிகளை இணைத்தோம். சார்ஜரோடு வந்த இரைச்சலும் ஒழிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அக்குரல், உச்சத்திலும் உடையாமல் ஒலித்தது. எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் கேட்டிருந்தோம்.

வகுப்பில் வாசிக்கும்போது குரல் உடைந்து நின்ற மாணவர் சிலரை, "இவர்க்குத் தமிழ் வாராது" என முடிவுகட்டிய நாள்கள் அன்று எம் நினைவுக்கு வந்தன. குறை அவர்கள் குரலிலா, நாம் ஊட்டியதிலா என்று அந்நாளில் நாம் ஆராய்ந்து பார்த்ததில்லை. அதனை எமக்குக் கற்பித்தவரும் ஒரு மாணவரே.