நாசிக் திராட்சைத் தோட்டத்தில் நான்கு தோழிகள்... கார் சாவி யார் கையில்?

பிப்ரவரி மாதத்து சனிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு செம்பூரில் ஒருவரையும், ஆறு மணிக்கு தானேயில் இன்னொருவரையும் ஏற்றிக்கொண்டு கார் நாசிக் சாலையைப் பிடித்தது. ஓட்டியவர் நவி மும்பையில் குடியிருப்பவர். சொந்த ஊர் தேனி மாவட்டம் கம்பம். நான்காவது தோழி புனேயிலிருந்து நாராயண்காவ், சின்னர் வழியாக பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

மதுரையில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் அறை. இப்போது நால்வருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. பிள்ளைகளை வீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, 'நமக்கே நமக்கு' என்று இரண்டு நாள் ஒதுக்க ஆறு மாதமாகப் பேசிப் பேசி, கடைசியில் தானே தோழி ஒரு யோசனை சொன்னார்: நாசிக் போய் ஒயின் டேஸ்டிங் பார்க்கலாம்.

கம்பம் தோழி உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள்தான் வாட்ஸ்அப்பில் எழுதினார்: 'வர்றேன். ஆனா குடிக்க மாட்டேன். கார் எடுத்துட்டு வர்றேன்.' போகும்போது அவர் ஓட்டுவது, திரும்பும்போது தானே தோழி ஓட்டுவது என்று பேச்சு.

மலை ஏறினால் திராட்சை

மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். 2025 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்ட சம்ருத்தி விரைவுச்சாலையில் போனால் இகத்புரி வரை சீக்கிரம் போய்விடலாம். ஆனால் இவர்கள் வேண்டுமென்றே பழைய கசாரா மலைப்பாதையில் போனார்கள். பனி விலகாத வளைவுகள், பக்கத்திலேயே ரயில் பாதை, இகத்புரியில் ஆவி பறக்கும் டீ. மலை ஏறி முடித்ததும் காற்றில் ஒரு சில்லிப்பு. நாசிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நல்ல குளிர். திராட்சைக்கு இனிப்பும் வேண்டும், புளிப்பும் தங்க வேண்டும். இரண்டையும் கொடுப்பது இந்த வெயிலும் குளிரும்தான்.

நாசிக்கில் சாப்பிடும் திராட்சை பல காலமாக விளைகிறது. ஒயின் ஊராக அது பெயர் எடுத்தது கடந்த கால் நூற்றாண்டில்தான். அமெரிக்காவில் ஆரக்கிள் நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்த ராஜீவ் சமந்த், இங்கிருந்த குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டார். அவருடைய சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்குச் சலுகைகள் அறிவித்தது. அதன் பிறகு வரிசையாக ஒயினரிகள் முளைத்தன. 'நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்' என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள்.

நாசிக் பஸ் ஸ்டாண்டில் புனே தோழியை ஏற்றிக்கொண்டு, முதல் வேலையாக மிசல் பாவ். கறுப்பு மசாலா ரசம் மிதக்கும் முளைகட்டிய பயறு, அப்பளம், தயிர். "வெறும் வயித்துல போகக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்று செம்பூர் தோழி இன்னொரு பாவ் வாங்கிக்கொண்டார்.

பந்தல் எங்கே?

கோதாவரியின் குறுக்கே கட்டிய கங்காபூர் அணையை ஒட்டிய ஒரு ஒயினரியில் பதினொரு மணிக்கு முன்பதிவு. தோட்டத்துக்குள் இறங்கியதும் கம்பம் தோழி கேட்ட முதல் கேள்வி: "பந்தல் எங்க?"

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை தலைக்கு மேல் பந்தலில் படரும். கொத்துகள் கீழே தொங்கும். இங்கே கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடிகள் நிமிர்ந்து நிற்க, கொத்துகள் இடுப்பளவு உயரத்தில் காய்த்திருந்தன. சுற்றிக் காட்ட வந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். பழம் சின்னதாக, தோல் கெட்டியாக, விதையோடு இருக்க வேண்டும். சாப்பிடும் திராட்சையில் பெரிய பழத்துக்கு மவுசு. ஒயினுக்கு அது ஆகாது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபர் வாக்கில் இன்னொரு கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. வருஷத்துக்கு ஒரே மகசூல்.

"எங்க ஊர்ல வருஷம் பூரா காய்க்கும். கவாத்து வெட்டி நாலு மாசத்துல பழம்" என்றார் கம்பம் தோழி. என்ன ரகம் என்று கேட்டார் இளைஞர். பன்னீர் திராட்சை என்று சொல்லி, செல்போனில் அப்பாவின் தோட்டத்துப் படத்தைக் காட்டினார். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த இளைஞர், "இது மஸ்கட் ஹாம்பர்க். வெளிநாட்டில் இதில் ஒயினும் போடுகிறார்கள்" என்றார். கம்பம் தோழியின் முகம் ஒரு நொடி மாறியதை செம்பூர் தோழி மட்டும் கவனித்தார்.

உள்ளே பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள். கறுப்புத் திராட்சைக்கும் உள்ளே சாறு பெரும்பாலும் நிறமில்லாமல்தான் இருக்குமாம். தோலோடு ஊறவைத்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின். பிழிந்த சாற்றை மட்டும் குளிர்ச்சியில் புளிக்கவிட்டால் வெள்ளை. சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. தோசை மாவு பொங்குகிற அதே சமாசாரம்தான் என்று புனே தோழி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

பாரு, சுழற்று, முகர்ந்து பாரு

டேஸ்டிங் மேஜையில் ஆறு வகை. ஒவ்வொன்றும் சுமார் 30 மில்லி. முதலில் நிறம் பார்க்க வேண்டும். பிறகு கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். அதன் பிறகுதான் ஒரு வாய். விழுங்க விருப்பமில்லாதவர்கள் துப்ப, மேஜையிலேயே ஒரு பாத்திரம். "துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாள் முழுக்க ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள்" என்றார் இளைஞர்.

கம்பம் தோழி எதையும் வாயில் வைக்கவில்லை. ஆனால் மூக்கை மறைத்துக்கொள்ளவும் இல்லை. சாவினோன் பிளாங்கை முகர்ந்துவிட்டு, "கவாத்து வெட்டின அன்னைக்குத் தோட்டத்துல அடிக்கிற பச்சை வாசம்" என்றார். இளைஞர் கைதட்டினார். இந்த ரகத்துக்குப் பச்சைப் புல், குடைமிளகாய் வாசம்தான் அடையாளமாம். ஷிராஸில் மிளகு வாசம் கண்டுபிடித்ததும் அவர்தான். கடைசியாக வந்தது, பழத்தைக் கொடியிலேயே நன்றாகக் கனியவிட்டுச் செய்த இனிப்பு ஒயின். செம்பூர் தோழி ஒரே வாயில் முடித்துவிட்டு, "பஞ்சாமிர்தம் மாதிரி இருக்குடி" என்றார்.

மற்ற மூவரும் துப்பவில்லை. மதியச் சாப்பாட்டோடு தானே தோழி இன்னொரு கிளாஸும் வாங்கிக்கொண்டார்.

ஆறு தடவை 30 மில்லி என்றால் 180 மில்லி. ஹோட்டலில் ஊற்றும் ஒரு கிளாஸ் ஒயினைவிட அதிகம். சாதாரணமாக ஒயினில் 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான். 'ருசி பார்த்ததுதானே' என்று நினைப்பவர்கள் வரம்பைத் தாண்டிவிட அந்த ஒரு மேஜையே போதும்.

சாவி

நான்கு மணிக்கு கார் நிறுத்திய இடத்துக்கு வந்தார்கள். நகரத்தில் தங்கும் விடுதிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். "மலைப்பாதை பூரா நீதான் ஓட்டின. சாவியைக் கொடு, நான் ஓட்டுறேன்" என்று தானே தோழி கை நீட்டினார்.

"வேணாம்டி."

"ஏய், நாலு வாய்தான குடிச்சேன். நல்லா ஸ்டெடியா இருக்கேன்."

"எங்க அப்பாவும் அப்படித்தான் சொல்வாரு."

யாரும் பேசவில்லை. ஹாஸ்டல் நாட்களில் மற்ற மூவருக்கும் தெரிந்ததெல்லாம், கம்பத்துக்காரியின் அப்பா திராட்சை விவசாயி என்பதும், அவர் அவளைப் பார்க்க வந்ததே இல்லை என்பதும்தான். மிச்சத்தை அன்று காருக்குள் உட்கார்ந்து கேட்டார்கள். நாலு ஏக்கர் பந்தலில் இரண்டு ஏக்கர் பிராந்தி பாட்டிலில் போனது. ஒரு ராத்திரி, பழப் பெட்டி ஏற்றிய வேனை அவரே ஓட்டிப் பாலத்தில் மோதியதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு இன்றுவரை ஒரு கால் சரியில்லை. அப்பா குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. "இங்க வர்றதை அவர்கிட்ட சொல்லலை. சொன்னா என்ன நினைப்பாரோன்னு பயம்" என்றார் கம்பம் தோழி.

தானே தோழி பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். விடுதி வரை பேச்சே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு கம்பம் தோழியின் அறைக் கதவைத் தட்டி, "சாரிடி. நானும் என் பொண்ணை உட்கார வச்சுக்கிட்டு இப்படி ஓட்டியிருக்கேன். இப்பதான் உறைக்குது" என்றார். இருவரும் ஒரு மணி வரை தூங்கவில்லை.

திண்டோரி தோட்டத்திலிருந்து ஒரு போன்

ஞாயிறு காலை ராம்குண்டத்தில் கோதாவரியில் கால் நனைத்துவிட்டு, திண்டோரி சாலையில் கொஞ்ச தூரம் போனார்கள். இரண்டு பக்கமும் சாப்பிடும் திராட்சைத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் கொத்துகளுக்கெல்லாம் காகிதம் சுற்றியிருந்தது. கம்பம் தோழி காரை நிறுத்திவிட்டு இறங்கினார். ஏற்றுமதிப் பழமாம், நிறம் மாறாமல் இருக்கக் காகிதம் என்றார் அந்தத் தோட்டத்துப் பெரியவர். பாதி இந்தி, பாதி மராத்தி, மீதி கைஜாடை. மருந்து செலவு, ஆள் கூலி, அறுவடை நேரத்தில் வரும் ஆலங்கட்டி மழை... அரை மணி நேரத்தில் பூரா வருஷத்து மழை விழுந்தது போல ஆகிவிடும் என்று வானத்தைக் காட்டினார். கம்பத்திலும் இதே கதைதான். கிளம்பும்போது இரண்டு கொத்து பறித்துக் கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அங்கே நின்றபடியே கம்பம் தோழி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். முந்தைய நாள் போன இடத்தையும் சொல்லிவிட்டார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பந்தல் இல்லாம கம்பியில ஏத்துறாங்களா? கொத்து வெயில்ல வெம்பாதா? நல்லா காட்டு" என்றார் அப்பா. போனைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினார் மகள். பெரியவர் மராத்தியில் ஏதோ சொல்ல, அப்பா தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது.

நாசிக் போக நினைப்பவர்களுக்கு: அறுவடை பார்க்க ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல சமயம். வார இறுதியில் கூட்டம் அதிகம்; முன்பதிவு அவசியம். வயது வரம்பு உண்டு என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். குடிக்காதவர்களும் தோட்டத்தையும் ஒயினரியையும் தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். யார் ஓட்டுவது என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கூட்டத்தில் குடிக்காதவர் யாரும் இல்லையென்றால் வாடகைக் கார் பேசிக்கொள்வதே நல்லது.

மதியம் மூன்று மணிக்கு, புனே தோழியை பஸ் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். ஞாயிறன்று ஒரு சொட்டும் தொடாத தானே தோழியிடம், கம்பம் தோழி தானாகவே சாவியை நீட்டினார். இகத்புரி தாண்டி கார் கசாரா மலைப்பாதையில் இறங்கும்போது, மடியில் திண்டோரி திராட்சையை வைத்துக்கொண்டு பின் சீட்டில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.